கறுவா, உள்ளி, வெந்தயம், முடக்கொத்தான்: இரத்தக்கட்டியைக் கரைக்குதோ எண்டு ரியூப்பில சோதிக்கிறது எப்படி?

பாலைமரம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வவுனியாவில இறுதியாண்டு ஆய்வுக்காக, வன்னியில அடுப்படியிலயும் வேலியோரத்திலயும் கிடைக்கிற பத்துச் சரக்கு, மூலிகைகளை இரத்தக்கட்டி கரைக்கும் இயல்புக்குச் சோதிக்கப் போறம். உள்ளி, இஞ்சி, கறுவா, கராம்பு, மஞ்சள், வெந்தயம், முடக்கொத்தான், தூதுவளை, வல்லாரை, எருக்கலை.

முறை எல்லாரும் செய்யிற அந்த நிறைமுறைதான். 1.5 மி.லீ. மைக்ரோ ரியூப்பில 500 மைக்ரோலீற்றர் இரத்தம், 37 பாகையில 45 நிமிசம் உறைய விட்டு, சீரத்தை எடுத்து நிறுத்து, 100 மைக்ரோலீற்றர் சாறு விட்டு 90 நிமிசம் வைச்சுத் திரும்ப நிறுக்கிறது. நேர்க் கொன்ரோல் (கரைக்கும் எண்டு தெரிஞ்ச ஒப்பீடு) ஸ்ரெப்ரோகைனேஸ் எண்ட கட்டி கரைக்கிற மருந்து, எதிர்க் கொன்ரோல் (கரைக்காத ஒப்பீடு) காய்ச்சி வடித்த நீர்.

மனித இரத்தத்துக்கு அனுமதி எடுக்க நாள் பிடிக்கும். இறைச்சிக்கடையில மாட்டு இரத்தம் எடுத்துச் செய்யலாமோ? அடுத்தது, சாறு எந்தச் செறிவில வைக்கிறது? மூன்றாவதுதான் எனக்கு விளங்காதது. கையில இருக்கிற பழைய முன்னோட்டத் தரவில வெந்தயமும் வல்லாரையும் ஸ்ரெப்ரோகைனேசுக்குக் கிட்ட வந்திருக்கு, கராம்புக்கு மறை எண் வந்திருக்கு. கட்டி நிறை கூடுமோ? இதுகளை எப்படி எடுக்கிறது?

நுண்குழாய் எழுதியது:

மாட்டு இரத்தம் வேண்டாம். காரணம் சுத்தம் மட்டுமில்லை. ஸ்ரெப்ரோகைனேஸ் தானே ஒரு நொதியம் இல்லை. அது இரத்தத்தில இருக்கிற மனித பிளாஸ்மினோஜன் எண்ட புரதத்தோட ஒண்டுக்கு ஒண்டாகச் சேர்ந்த பிறகுதான் மற்ற பிளாஸ்மினோஜனைப் பிளாஸ்மினாக்கும், அந்தப் பிளாஸ்மின்தான் கட்டியை வெட்டுற நொதியம். மாட்டுப் பிளாஸ்மினோஜனோட அது அப்படி வேலை செய்யாது. உங்கட நேர்க் கொன்ரோல் எதிர்க் கொன்ரோல் மாதிரி நிக்கும், நீங்கள் குப்பி பழுது எண்டு நினைச்சு இன்னொரு குப்பி வாங்குவீங்கள். அதோட, அறுக்கிற இடத்தில வாளியில பிடிச்ச இரத்தம் உங்கட கைக்கு வர முதலே பாதி உறைஞ்சு, செங்குழியமும் உடைஞ்சிருக்கும். மனித இரத்தம்தான், நெறிமுறைக் குழு அனுமதியோட. விண்ணப்பத்தை இண்டைக்கே குடுங்கோ. தாவரம் காய வைக்கிற வேலை அதுக்குள்ள நடக்கும்.

நீங்கள் சொன்ன முறை 2006இல நாக்பூர் ஆய்வாளர்கள் வெளியிட்டது. மலிவு, லேசு, அதாலதான் எல்லா இடமும் பரவிச்சு. ஆனா அது அளக்கிறது நிறையை மட்டும். நிறை ஏன் குறைஞ்சது எண்டு தராசு சொல்லாது. இந்த ஒண்டை மறக்காம வைச்சுக்கொண்டால் உங்கட மூன்றாவது கேள்விக்கு அரைவாசி விடை வந்திடும்.

எதிர்க் கொன்ரோலை மாத்துங்கோ. வெறும் காய்ச்சி வடித்த நீரில உப்பில்லை. கட்டியின்ர மேற்பரப்பில இருக்கிற செங்குழியம் அந்த நீரை உறிஞ்சி வெடிக்கும். 0.9 சதவீதச் சேலைன் (உப்புக் கரைசல்) அல்லது pH 7.4 பொஸ்பேற்றுத் தாங்கல் சேலைன் வையுங்கோ, சாறுகளையும் அதே கரைசலிலதான் கரைக்க வேணும். நீரில கரைச்ச சாறைச் சேலைன் கொன்ரோலோட ஒப்பிட்டால் நீரின்ர குழப்பம் முழுக்கத் தாவரத்தின்ர கணக்கில ஏறும்.

இனி நிறுக்கிற விசயம். 500 மைக்ரோலீற்றர் இரத்தம் கிட்டத்தட்ட 0.53 கிராம். சீரம் எடுத்தாப் பிறகு கட்டி 0.3 கிராம் அளவில நிக்கும். உதாரணத்துக்கு வெறும் ரியூப் 0.9840, கட்டியோட 1.2940, கரைஞ்சாப் பிறகு 1.2630 எண்டால் கட்டி 0.3100, இழப்பு 0.0310, அதாவது 10 சதவீதம். இப்ப அடியில 20 மைக்ரோலீற்றர் திரவம் எடுபடாமல் நிண்டால் அது 20 மில்லிகிராம், உங்கட கணக்கில 6 சதவீதத்துக்கு மேல. ஒரு துளியில முடிவு மாறும். அதனால சீரத்தை மைக்ரோ பிப்பெற்றால ரியூப் சுவரோரமா எடுத்து, கடைசித் துளிக்கு மெல்லிசா வெட்டின வடிதாள் கீற்றைச் சுவரில தொட்டு உறிஞ்சுங்கோ. கட்டியைத் தொட்டால் பைபிரின் (கட்டியைப் பின்னுற புரதம்) நார் தாளில ஒட்டிக்கொண்டு வரும், அந்த ரியூப்பை விட்டிட வேணும். ரெண்டு தரமும் ஒரே ஆள், ஒரே மாதிரி எடுக்க வேணும்.

ரியூப்பில பெயர் எழுதினாப் பிறகு வெறும் நிறை எடுங்கோ. 37 பாகையில இருந்து எடுத்த உடன தராசில வைச்சால் சூட்டுக்கு எண் ஓடிக்கொண்டே இருக்கும். மூடியோட 10 நிமிசம் மேசையில ஆற விட்டு நிறுங்கோ. நாலு தசமத் தராசு கட்டாயம் வேணும், மூண்டு தசமத் தராசு இதுக்குக் காணாது. நிறுக்கேக்க காற்றாடியை நிப்பாட்டுங்கோ. சோளகக் காலத்தில யன்னல் திறந்திருந்தாலே கடைசி இலக்கம் நிக்காது.

ஸ்ரெப்ரோகைனேஸ்: 15 இலட்சம் அலகுக் குப்பிக்கு 5 மி.லீ. கிருமியற்ற 0.9 சதவீதச் சேலைன். 100 மைக்ரோலீற்றரில 30,000 அலகு வரும். குப்பியைக் குலுக்கினால் நுரைச்சுப் புரதம் கெட்டுப்போகும், உள்ளங்கையில உருட்டிக் கரையுங்கோ. கரைச்சதை அண்டைக்கே பாவிக்க வேணும். வவுனியாவில இருந்து முல்லைத்தீவு, கிளிநொச்சி எண்டு கொண்டு திரியிறதெண்டால் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில வையுங்கோ, ஆனா குப்பி ஐஸில முட்டக்கூடாது. 2 தொடக்கம் 8 பாகைதான் அதுக்குச் சரி.

குருதிமேசை எழுதியது:

நான் இரத்தம் எடுக்கிற பக்கத்தை மட்டும் சொல்லுறன்.

ஊசி குத்துறது பயிற்சி பெற்ற ஆளாக இருக்க வேணும். நண்பர்கள் ஒருத்தருக்கொருத்தர் குத்திப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். ரியூப் கையாளுற எல்லாருக்கும் ஹெப்பரைற்றிஸ் பி தடுப்பூசி முழுக்கப் போட்டிருக்க வேணும். ஊசிக்குத் திரும்ப மூடி போடக்கூடாது, நேரே கூர்ப்பொருள் பெட்டிக்குள்ள.

தொண்டர் தெரிவில கவனம்: கடைசிப் பத்து நாளில அஸ்பிரின், இபுபுரோபன் எடுத்தவர், கருத்தடை மாத்திரை பாவிக்கிறவர், புகைக்கிறவர், இரத்தம் உறையாத நோய் குடும்பத்தில உள்ளவர் வேண்டாம். அண்மையில தொண்டைப் புண் வந்தவரையும் விடுங்கோ. ஸ்ரெப்ரோகொக்கஸ் தொற்று வந்தவரின் இரத்தத்தில ஸ்ரெப்ரோகைனேசுக்கு எதிரான பிறபொருளெதிரி இருக்கும், அவரின்ர ரியூப்பில மட்டும் நேர்க் கொன்ரோல் விழுந்திடும்.

இரத்தம் எடுத்தால் உறைவெதிர்ப்பொருள் இல்லாத வெறும் சிரிஞ்சில எடுத்து, ரெண்டு மூண்டு நிமிசத்துக்குள்ள எல்லா ரியூப்பிலயும் பங்கிட வேணும். பிந்தினால் சிரிஞ்சுக்குள்ளயே நார் கட்டத் தொடங்கும். கடைசி ரியூப்புகளுக்குப் போறது பைபிரின் குறைஞ்ச இரத்தம், அதில வாற கட்டி தளதளவெண்டு இருக்கும். ஊசியைக் கழட்டிவிட்டு, சுவரோரமா மெல்ல விடுங்கோ. ஊசியூடாகப் பீச்சினால் செங்குழியம் உடையும்.

பாம்புக்கடி வாட்டில 20 நிமிச உறைவுச் சோதனை நடக்கிறதைப் பார்த்திருப்பீங்கள். கண்ணாடி விரியன் கடிச்சவரின் 2 மி.லீ. இரத்தத்தைப் புதுக் கண்ணாடிக் குழாயில விட்டு, அசைக்காமல் வைச்சு, 20 நிமிசத்தில சரிச்சுப் பார்ப்பினம். அங்க கண்ணாடிதான் உறைவைத் தூண்டுது. உங்கட ரியூப் பொலிபுரொப்பிலீன் பிளாஸ்ரிக், அதில மெதுவாத்தான் உறையும். அதுக்காகத்தான் 45 நிமிசம். "அரை மணியில உறைஞ்சிட்டுதே" எண்டு முன்கூட்டி எடுத்தால் கட்டி இன்னும் சுருங்கியிருக்காது, சீரம் பிறகு தானே வெளிய வரும், அந்த நிறைக்குறைவையும் சாறு கரைச்சது எண்டு எழுதுவீங்கள்.

கனகராயன்கரை எழுதியது:

தாவரச் சாறு பற்றி எழுதுகிறேன். உங்கள் வெந்தயம், வல்லாரைத் தரவை இப்போதைக்கு வெற்றி என்று எழுத வேண்டாம்.

வெந்தயத்தில் ஸ்ரீரொயிட்டு சப்போனின், வல்லாரையில் திரைரேபீன் சப்போனின், தூதுவளையில் கிளைக்கோஅல்கலோயிட்டு. மூன்றும் சவர்க்காரம் போலச் செங்குழிய மென்சவ்வைப் பிரித்துவிடக் கூடியவை. குழியம் உடைந்து ஈமோகுளோபின் வெளியே வரும், அந்தத் திரவத்தை நீங்கள் எடுத்து ஊற்றுவீர்கள், நிறை குறையும். பைபிரின் வலை ஒரு நார்கூட அறாமல் இருக்கலாம். இதைக் கண்ணாலேயே பிடிக்கலாம். 90 நிமிடத்துக்குப் பின் ரியூப்பைச் சரித்துப் பாருங்கள். மேலே நிற்கும் திரவம் கண்ணாடி போலத் தெளிந்த செர்ரிச் சிவப்பாக, கீழே வெளிறிய, ஆனால் முழுசான ஒரு கட்டி இருந்தால் அது செங்குழியச் சிதைவு. உண்மையாகப் பைபிரின் கரைந்தால் கட்டி துண்டு துண்டாகி, அடியில் குழியங்கள் சேறு போல் படியும், அசைத்தால் கலங்கும். எண்ணில் காட்ட, திரவத்தை 540 நானோமீற்றரில் வாசியுங்கள், ஒவ்வொரு சாறுக்கும். அதோடு கழுவிய செங்குழியத்தின் 2 சதவீதத் தொங்கலில் (திரவத்தில் மிதக்கவிட்ட குழியத்தில்) அதே செறிவுச் சாறை விட்டுத் தனியே ஒரு சிதைவுச் சோதனை. இது இல்லாமல் வெந்தயத்தைப் பற்றி ஒரு வசனமும் எழுத முடியாது.

கராம்பு நிறை கூட்டியதற்குக் காரணம் தனின் என்ற துவர்ப்புப் பொருள். தனின் புரதத்தோடு பிணைந்து கட்டியைத் தோல் பதனிட்டதுபோல இறுக்கிவிடும், தானும் அதில் ஒட்டிக்கொள்ளும். கறுவாவிலும் இது நடக்கும், கடுக்காயோ மாதுளந்தோலோ சேர்த்தால் இன்னும் மோசம். பொலிவைனைல்பொலிபிறொலிடோன் தூளைச் சாறில் கலக்கி, மையநீக்கி எடுத்தால் தனின் பெரும்பகுதி போகும். தனின் நீக்கியது, நீக்காதது இரண்டையும் சோதியுங்கள். மறை எண் வந்தால் அழிக்காமல் அப்படியே எழுதுங்கள், அதுவும் ஒரு முடிவு.

தயாரிப்பு: நிழலில் உலர்த்தி அரைத்த தூள் 10 கிராம், கரைப்பான் 100 மி.லீ. ஒரு தொகுதி நீரில், ஒரு தொகுதி 70 சதவீத எதனோலில். நீர்ச்சாறை வெளியில் 24 மணித்தியாலம் ஊறவைத்தால் வன்னி வெக்கையில் புளித்துவிடும், பக்ரீரியாவின் புரதநொதியம் உங்கள் கட்டியைக் கரைக்கும். பிறிட்ஜுக்குள் வைத்து ஊறவையுங்கள். மாரியில் இலை உலர்த்துவதென்றால் 40 பாகைக்கு மேற்படாத உலர்த்தும் அடுப்பில். பூஞ்சணம் ஒரு புள்ளி கண்டாலும் அந்தத் தொகுதியை எறிந்துவிடுங்கள்.

எதனோல் முழுதும் போகவேண்டும். மணம் போனது போதாது, அடுத்தடுத்து நிறுத்து நிறை மாறாமல் வரும்வரை. மிஞ்சிய எதனோல் புரதத்தைத் திரட்டிக் கட்டியை இறுக்கும். பிறகு 50 மில்லிகிராம் சாறைச் சேலைன் 5 மி.லீ.யில் கரைத்தால் மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம். கரையாதது இருக்கும். மையநீக்கி, 0.22 மைக்ரோமீற்றர் வடியில் விட்டு, வடிந்ததில் 1 மி.லீ. எடுத்து உலர்த்தி நிறுங்கள். அதில் 9 மில்லிகிராம் உப்பு, அதைக் கழித்தால் வருவதுதான் மெய்யான செறிவு. மஞ்சளின் குர்க்குமின் சேலைனில் அநேகமாகக் கரையாது, வடியிலேயே நின்றுவிடும். கராம்பின் யூஜினோலும் அப்படித்தான், நீர்ச்சாறில் தேடிப் பயனில்லை. இவற்றுக்கு டீ.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் தேவைப்பட்டால் முடிவுச் செறிவு 1 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், அதே அளவு டீ.எம்.எஸ்.ஓ. போட்ட கொன்ரோலும் வேண்டும். ஒவ்வொரு சாறின் pH ஐயும் 7.2 தொடக்கம் 7.4 வரை சரிப்படுத்துங்கள்.

உள்ளியை முழுப்பல்லாக அவித்து எடுத்தால் அலினேஸ் நொதியம் செத்துவிடும், உள்ளியின் வேலைசெய்யும் பொருளான அலிசின் உருவாகவே மாட்டாது. நசித்து, 10 நிமிடம் வைத்து, பிறகு நீர் சேருங்கள். அலிசின் நிலையற்றது, உலர்த்தி வைத்த உள்ளித்தூளும் அன்று நசித்ததும் ஒன்றல்ல. எதைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதவேண்டும்.

எருக்கலை தனிக்கதை. அதன் பாலில் புரதநொதியங்கள் உள்ளன, அவை பைபிரினோஜனையும் (உறையும்போது பைபிரினாக மாறும் புரதம்) பைபிரினையும் வெட்டும், உறையவும் வைக்கும், கரைக்கவும் செய்யும். உங்கள் பட்டியலில் மெய்யாகவே கட்டியை அறுக்கக்கூடியது அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் மருந்தாக நினைப்பதற்கு முன், அது எந்தப் புரதத்தையும் வெட்டும் என்பதை மறக்கக்கூடாது. பப்பாசிப் பாலும் அன்னாசித் தண்டும் ரியூப்பில் காட்டும் வேலையும் இதுவே. பால் எடுக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள், கண்ணில் தெறித்தால் கருவிழி கெடும்.

நொதியமா, சிறு மூலக்கூறா என்று பிரிக்க எளிய வழி: சாறில் பாதியை 15 நிமிடம் கொதிநீரில் வைத்து, ஆறவைத்து, இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் சோதியுங்கள். கொதித்ததில் வேலை போனால் நொதியம். போகாவிட்டால் சப்போனினைச் சந்தேகியுங்கள்.

தாவரம் சேர்க்கும்போது பூவோ காயோ உள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, பேராதனை தேசிய உலர்தாவரகத்தில் அடையாளம் உறுதிசெய்யுங்கள். ஒதுக்கக்காட்டுக்குள் அனுமதியின்றிப் பறிக்க வேண்டாம். முடக்கொத்தானுக்கு வேலி போதும். முகமாலைப் பக்கம் போல கண்ணிவெடிப் பலகை நிற்கும் இடங்களில் பாதையை விட்டு ஒரு அடியும் இறங்காதீர்கள்.

பாலைமரம்:

நன்றி, எல்லாருக்கும். செங்குழியச் சிதைவுச் சோதனையும் கொதிக்க வைக்கிறதும் சேர்க்கிறம். இன்னும் ரெண்டு கேள்வி. நிறைமுறையோட சேர்த்து வேற எந்தச் சோதனை செய்யலாம்? மற்றது, கறுவாவில கூமரின் இருக்கு, அது இரத்தத்தை இளக்கும் எண்டு வாசிச்சன். அதை ஆய்வுக் காரணமா எழுதலாமோ?

நுண்குழாய் எழுதியது:

எழுதாதேங்கோ. கூமரின் தனிய இரத்தத்தை இளக்காது. பூஞ்சணம் பிடிச்ச இனிப்புக் குளோவர் வைக்கோலில கூமரின் டைகூமரோலாக மாறி, அதைத் திண்ட மாடுகள் இரத்தம் ஒழுகிச் செத்ததில இருந்துதான் வார்பரின் எண்ட இரத்தம் இளக்கிற மருந்து வரைக்கும் வந்தது. அதோட இலங்கைக் கறுவாவில கூமரின் மிகக் குறைவு, கூடுதலா இருக்கிறது கசியா எண்ட மற்றக் கறுவாவில. எல்லாத்துக்கும் மேல, வார்பரின் ஈரலில விற்றமின் கே சுழற்சியைத் தடுத்துத்தான் வேலை செய்யுது. ஈரல் இல்லாத ரியூப்பில, உறைஞ்சு முடிஞ்ச கட்டிக்கு மேல வார்பரினை ஊத்தினால் ஒண்டும் நடக்காது.

உறைவைத் தடுக்கிறது வேற, சிறுதட்டு (பிளேற்லெற்) ஒட்டாமல் செய்யிறது வேற, உறைஞ்சதைக் கரைக்கிறது வேற. உள்ளியின் அஜோயீன், இஞ்சியின் ஜிஞ்சரோல், கராம்பின் யூஜினோல் மூண்டும் சிறுதட்டுப் பக்கம். உங்கட முறையில இதுகள் பூச்சியம் காட்டினால் அது சரியான முடிவுதான். "உள்ளி பயனில்லை" எண்டும் எழுத ஏலாது, "உள்ளி கட்டி கரைக்கும்" எண்டும் எழுத ஏலாது.

ரெண்டாவது சோதனைக்குப் பைபிரின் தட்டு நல்லது. 1952இல அஸ்ருப், மியூலேற்ஸ் ரெண்டு பேரும் கொண்டுவந்தது. இதில செங்குழியம் இல்லாதபடியால் சப்போனின் ஏமாத்த ஏலாது. 1 சதவீத அகறோசை உருக்கி 45 பாகைக்கு இறக்கி, பைபிரினோஜன் கரைசலைச் சேர்த்து, துரோம்பின் (பைபிரினோஜனை உறைய வைக்கிற நொதியம்) விட்டு உடன தட்டில ஊத்துங்கோ. அகறோஸ் சூடா இருந்தால் பைபிரினோஜன் திரண்டு போகும், துரோம்பின் விட்டாப் பிறகு கைதாமதிச்சால் பாத்திரத்துக்குள்ளயே உறையும். பால்நிறத் தட்டு வர வேணும். 5 மி.மீ. துளையில 20 மைக்ரோலீற்றர் சாறு, 37 பாகையில 18 மணித்தியாலம். தெளிஞ்ச வட்டத்தின் விட்டத்தை அளவுங்கோ. இன்னொரு தட்டை 80 பாகையில 30 நிமிசம் வைச்சுப் பிளாஸ்மினோஜனைச் சாகடிச்சுப்போட்டு அதே சாறைப் போடுங்கோ. சூடாக்காத தட்டில மட்டும் வட்டம் வந்தால் சாறு பிளாஸ்மினோஜனைத் தூண்டுது, ரெண்டிலயும் வந்தால் தானே வெட்டுது. கடையில வாற பைபிரினோஜன் அநேகமா மாட்டினது, ஆகவே இங்க நேர்க் கொன்ரோலுக்கு ஸ்ரெப்ரோகைனேஸ் சரிவராது, பிளாஸ்மின் எடுங்கோ.

தட்டு வாசிப்பான் இருந்தால், சித்திரேற்றுப் பிளாஸ்மா 100, 25 மில்லிமோலர் கல்சியம் குளோரைட்டு 100 மைக்ரோலீற்றர் எண்டு உறைய வைச்சு, 405 நானோமீற்றரில கலங்கல் குறையிறதைப் பார்க்கலாம். மஞ்சளை மட்டும் அதில வாசிக்காதேங்கோ, குர்க்குமினின் நிறம் 425 அளவில நிக்கிறதால எண் பொய் சொல்லும். 650இல வாசியுங்கோ.

பாலைமரம்:

ஒரு ஆளிட்ட எத்தனை ரியூப் எடுக்கிறது? பத்துச் சாறு, கொன்ரோல் எல்லாம் சேர்த்தால் கன இரத்தம் வருமே.

குருதிமேசை எழுதியது:

நாளுக்கு மூண்டு சாறு. சேலைன், கரைப்பான் கொன்ரோல், ஸ்ரெப்ரோகைனேஸ், மூண்டு சாறு, கொதிச்ச சாறு மூண்டு, மொத்தம் ஒன்பது ரியூப், 4.5 மி.லீ., 5 மி.லீ. எடுத்தால் காணும். ஒரே ஆளின் இரத்தம் எல்லா ரியூப்பிலயும் இருக்க வேணும், ஏனெண்டால் ஆளுக்கு ஆள் பைபிரினோஜனும் செங்குழிய அளவும் வேற. பத்துத் தொண்டர் எண்டால் n (மாதிரி எண்ணிக்கை) பத்து. ஒரே ஆளில மூண்டு ரியூப் போட்டுவிட்டு n முப்பது எண்டு எழுதக்கூடாது, அந்த மூண்டின்ர சராசரிதான் ஒரு எண். ஒப்பிடேக்க அந்தந்த ஆளின் சேலைன் ரியூப்போட சோடி சேர்த்து ஒப்பிடுங்கோ.

ஆய்வில செறிவைப் பற்றி ஒரு பந்தி கட்டாயம் எழுதுங்கோ. 10 மில்லிகிராம் செறிவில 100 மைக்ரோலீற்றர் எண்டால் 1 மில்லிகிராம் சாறு, அரை மில்லிலீற்றர் இரத்தத்துக்கு. வளர்ந்த ஆளின் 5 லீற்றர் இரத்தத்துக்கு அதே விகிதம் வேணுமெண்டால் 10 கிராம் காய்ஞ்ச சாறு முழுக்க இரத்தத்துக்குள்ள போக வேணும். இரசத்தில போடுற உள்ளியும் மிளகும் அந்தக் கணக்குக்குக் கிட்டவும் வராது. இதை எழுதாமல் விட்டால், ஆராவது வாசிச்சுப்போட்டு மாரடைப்பு வந்த அப்பாவுக்கு வார்பரினை நிப்பாட்டிக் கறுவாத் தண்ணி குடுப்பினம். அது நடக்க விடக்கூடாது.

முடிஞ்ச ரியூப்புகளை 0.5 சதவீதக் குளோரீன் கரைசலில மூடியைத் திறந்து இரவு முழுக்க அமிழ்த்தி வையுங்கோ. கட்டி புரதம் நிறைஞ்சது, அரை மணி காணாது. ஓட்டோகிளேவ் இருந்தால் 121 பாகையில 30 நிமிசம் அதைவிட நல்லது. குளோரீனில போட்டதை ஓட்டோகிளேவுக்குள்ள வைக்காதேங்கோ, நச்சுவாயு வரும்.